ஸ்டர்லிங் போகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது கோட்டையை அல்ல

ஸ்காட்லாந்துக்குப் படிக்கப் போகிறவர்களும் சரி, லண்டனிலிருந்து நாலு நாள் விடுமுறையில் ரயிலேறிப் போகிறவர்களும் சரி, பெரும்பாலும் வந்து இறங்குவது எடின்பரோவில்தான். முதல் இரண்டு நாள் எடின்பரோ கோட்டை, ராயல் மைல் என்று கழிந்துவிடும். மூன்றாம் நாள், "வெளியே எங்காவது போகலாமே" என்று தேடும்போது கண்ணில் படுவது ஒருநாள் பேருந்துச் சுற்றுலா விளம்பரம். ஸ்டர்லிங் கோட்டை, லாக் லோமண்ட் ஏரி, ஒரு விஸ்கி வடிசாலை, நடுவில் சாப்பாடு, இருட்டுவதற்குள் திரும்பி வந்துவிடலாம்! கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸ்டர்லிங்கைப் பொறுத்தவரை இது அவசரக் கோலம் அள்ளித் தெளித்த கதை.

பேருந்து நேராகக் கோட்டை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடும். ஒன்றரை மணி நேரமோ இரண்டு மணி நேரமோ கொடுப்பார்கள். உள்ளே போய், பெரிய மண்டபம், அரண்மனை, பீரங்கிகள் எல்லாவற்றின் முன்னாலும் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். ஊருக்குத் திரும்பியதும் "ஸ்டர்லிங் எப்படி இருந்தது?" என்று யாராவது கேட்டால், "எடின்பரோ கோட்டை மாதிரியேதான், கொஞ்சம் சின்னது" என்று பதில் வரும். இந்தப் பதிலைச் சொல்பவர் மேல் குற்றமில்லை. அவருக்குக் காட்டப்பட்டது அவ்வளவுதான்.

ஸ்டர்லிங்கை ஒழுங்காகப் பார்க்க ஒரு முழு நாள் வேண்டும். அந்த நாளில் கோட்டைக்கு மதியத்துக்கு மேல்தான் போக வேண்டும். காலையை ஆற்றுக்கும் பாலத்துக்கும் எதிர்க்கரைக் குன்றுக்கும் கொடுக்க வேண்டும். வரிசை மாறினால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கலாம். கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

ஏன் அங்கே ஒரு கோட்டை?

ஸ்காட்லாந்தின் வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் அதன் இடுப்புப் பகுதி மிகவும் ஒடுங்கியிருப்பது தெரியும். கிழக்கே ஃபோர்த் ஆற்றின் கழிமுகம் உள்ளே புகுந்திருக்கிறது, மேற்கே கிளைட் ஆறு. இந்த இடுப்புக்குத் தெற்கே சமவெளி, வடக்கே மலைநாடு. தெற்கிலிருந்து வடக்கே போக வேண்டிய எந்தப் படையும் ஃபோர்த்தைக் கடந்தாக வேண்டும்.

எங்கே கடப்பது? கீழே போகப் போக ஆறு அகன்று கடலாகிவிடுகிறது. மேலே போனால் ஸ்டர்லிங்குக்கு மேற்கே அந்தக் காலத்தில் மைல் கணக்கில் சதுப்பு நிலம். குதிரை இறங்கினால் புதைந்துவிடும். (பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் அந்தச் சதுப்பின் புல்கரி மண்ணை வெட்டி வெட்டி, வாய்க்கால் நீரில் ஆற்றுக்குத் தள்ளிவிட்டு விவசாய நிலமாக்கினார்கள். மிச்சமிருக்கும் ஒரு பகுதி ஃப்ளாண்டர்ஸ் மாஸ் என்ற பெயரில் இயற்கைக் காப்பிடமாக இன்றும் இருக்கிறது.) ஆகவே ஒரு பக்கம் கடல், மறுபக்கம் சேறு, நடுவில் ஒரே ஒரு பாலம். 1936-ல் கின்கார்டின் பாலம் திறக்கும் வரை, கடலை நோக்கி வரும் ஃபோர்த்தின் மேல் கடைசிச் சாலைப் பாலம் இருந்த ஊர் ஸ்டர்லிங்தான். அதாவது கிட்டத்தட்ட நேற்று வரைக்கும்!

அந்தப் பாலத்துக்குப் பக்கத்திலேயே இயற்கை ஒரு பாறையையும் நிறுத்தி வைத்தது. பூமிக்கு அடியில் உருகிய குழம்பு இறுகி உண்டான கரும்பாறை அது. பிற்காலத்தில் பனிப்பாறைகள் சுற்றியிருந்த மென்மையான கற்களைச் சுரண்டிக்கொண்டு போக, இது மட்டும் நின்றுவிட்டது. மூன்று பக்கம் செங்குத்துச் சரிவு, ஒரு பக்கம் மட்டும் வால் போல இறங்கும் மேடு. மேட்டின் மேல் ஊர், உச்சியில் கோட்டை.

ஆக, கோட்டை என்பது ஒரு விடை. கேள்வி கீழே ஆற்றில் இருக்கிறது. கேள்வியைப் பார்க்காமல் விடையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவதைத்தான் பேருந்துச் சுற்றுலா செய்கிறது.

பாலம் இல்லாத பாலப் போர்

1995-ல் வந்த பிரேவ்ஹார்ட் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. மெல் கிப்சன் முகத்தில் நீலச்சாயம் பூசிக்கொண்டு குதிரையில் முன்னும் பின்னும் போய் வீர வசனம் பேசும் காட்சிதான் ஸ்டர்லிங் பாலப் போர். ஐந்து ஆஸ்கர் வாங்கிய படம். ஆனால் அந்தக் காட்சியில் பாலமே கிடையாது! பரந்த புல்வெளியில் இரண்டு படைகள் நேருக்கு நேர் ஓடிவந்து மோதிக்கொள்கின்றன. அந்தப் புல்வெளியும் ஸ்காட்லாந்தில் இல்லை, படமெடுத்தது அயர்லாந்தில்.

பாலத்தை எடுத்துவிட்டால் அந்தப் போரில் மிச்சம் ஒன்றுமில்லை. 1297 செப்டம்பர் 11 அன்று நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். தென்கரையில் சர்ரே பிரபுவின் தலைமையில் ஆங்கிலப் படை. வடகரையில் அபே க்ரெய்க் என்ற குன்றின் சரிவில் வில்லியம் வாலஸும் ஆண்ட்ரூ மோரேயும். நடுவில் ஒரு மரப்பாலம், இரண்டு குதிரைகள் சேர்ந்து போகும் அளவு அகலம். காலையில் ஆங்கிலப் படையில் ஒரு பகுதி பாலத்தைக் கடந்துவிட்டது. ஆனால் பிரபு இன்னும் தூங்கி எழவில்லை என்பதால் திரும்ப அழைத்துக்கொண்டார்கள் என்று அந்தக் கால வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. கொஞ்சம் மேலே அறுபது குதிரைகள் ஒரே நேரத்தில் இறங்கக்கூடிய ஆழமற்ற துறை இருக்கிறது, அதன் வழியாகச் சுற்றிப் போகலாம் என்று ஒரு வீரர் ஆலோசனை சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரசரின் கஜானா அதிகாரியான க்ரெஸ்ஸிங்ஹாம், ஏற்கெனவே செலவு ஏகத்துக்கும் ஆகிவிட்டது, சீக்கிரம் முடியுங்கள் என்று அவசரப்படுத்தினார்.

மீண்டும் பாலத்தில் இரண்டு இரண்டு பேராகக் கடந்தார்கள். வாலஸும் மோரேயும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தங்களால் சமாளிக்க முடிகிற அளவு ஆட்கள் இந்தப் பக்கம் வந்ததும் இறங்கிப் பாலத்தின் வாயை அடைத்துவிட்டார்கள். வந்தவர்கள் திரும்ப முடியாது, அந்தப் பக்கம் நிற்பவர்கள் உதவிக்கு வர முடியாது. ஆற்றின் வளைவுக்குள் சிக்கிய படை அழிந்தது. செலவுக் கணக்குப் பார்த்த க்ரெஸ்ஸிங்ஹாமும் அங்கேயே மாண்டார்.

இதில் வீர வசனத்தைவிட முக்கியமானது வாலஸும் மோரேயும் போட்ட கணக்கு. அந்தக் கணக்கு புரிய வேண்டுமானால் பாலத்தின் மேல் நின்று பார்க்க வேண்டும். இப்போது அங்கே இருப்பது பிற்காலத்தில், 1500-ஐ ஒட்டிய காலத்தில் கட்டிய கல்பாலம். பழைய மரப்பாலம் ஆற்றில் சற்று மேலே இருந்தது. இந்தக் கல்பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. 1745-ல் ஜாக்கோபைட் கிளர்ச்சியின்போது கலகப்படை கடந்துவிடக் கூடாது என்று அதன் ஒரு வளைவை அரசாங்கப் படையே தகர்த்தது. 1749-ல் திரும்பக் கட்டினார்கள். 1830-களில் பக்கத்திலேயே ராபர்ட் ஸ்டீவன்சன் (எழுத்தாளர் ஆர்.எல். ஸ்டீவன்சனின் தாத்தா) புதுப்பாலம் கட்டியபின் பழையது நடப்பவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது.

ரயில் நிலையத்திலிருந்து பழைய பாலத்துக்குக் கால்மணி நேர நடை. டிக்கெட் கிடையாது, வாசல் கிடையாது, வரிசை கிடையாது. பாலத்தின் நடுவில் நின்று ஒரு பக்கம் பார்த்தால் கோட்டைப் பாறை, மறுபக்கம் பார்த்தால் அபே க்ரெய்க் குன்று. ஸ்காட்லாந்தின் வரலாற்றில் பாதி இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்தது என்றால் மிகையில்லை. ஆனால் சுற்றுலாப் பேருந்துகள் இங்கே நிற்பதில்லை.

246 படிகள்

பாலத்தைத் தாண்டி வடக்கே நேராகப் போகும் சாலையின் கோடியில் ஒரு பகுதிக்குப் பெயர் காஸ்வேஹெட். காஸ்வே என்றால் சதுப்பின் மேல் மேடுகட்டிப் போட்ட பாதை. அதன் தலைமாடு இந்த இடம். சதுப்பு காய்ந்து வீடுகளும் கடைகளும் வந்துவிட்டன, ஊர்ப்பெயர் மட்டும் பழைய நிலத்தை ஞாபகம் வைத்திருக்கிறது. 1297-ல் பாலத்தைக் கடந்தவர்களுக்கு முன்னால் இருந்ததும் இந்த மாதிரி ஒரு ஒடுங்கிய பாதைதான்.

அங்கிருந்து ஏறினால் அபே க்ரெய்க் உச்சியில் வாலஸ் நினைவுக் கோபுரம். உயரம் 67 மீட்டர், படிகள் 246, திறந்த ஆண்டு 1869. மக்களிடம் நிதி திரட்டிக் கட்டியது. படிகள் எல்லாம் ஒடுங்கிய சுழல் படிகள். மேலே போகிறவரும் கீழே வருகிறவரும் நடுவில் சந்தித்தால் யாராவது ஒருவர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். லிஃப்ட் கிடையாது. முட்டிவலி உள்ளவர்களும் சின்னக் குழந்தையைத் தூக்கி வருகிறவர்களும் கோபுரத்தில் ஏற வேண்டிய கட்டாயமில்லை. கோபுரத்தின் அடிவாரத்திலிருந்தே, காசு கொடுக்காமலேயே, காட்சி கிடைக்கும்.

என்ன காட்சி? ஃபோர்த் ஆறு பாம்பு போல நெளிந்து நெளிந்து வருவதும், அதன் நெளிவுக்குள் பாலம் இருப்பதும், எதிரே தனியாக நிற்கும் பாறையில் கோட்டை உட்கார்ந்திருப்பதும். இங்கே வந்து நின்றவருக்கு வாலஸும் மோரேயும் ஏன் இந்தக் குன்றைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம்.

கோபுரத்துக்குள் ஒரு பெரிய வாள் இருக்கிறது, வாலஸின் வாள் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். நீளம் 1.6 மீட்டருக்கு மேல். அது உண்மையிலேயே அவருடையதா என்பதில் ஆய்வாளர்களுக்குச் சந்தேகம் உண்டு. இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 1997-ல் கோபுரத்தின் கீழே கார் நிறுத்துமிடத்தில் வாலஸ் சிலை ஒன்று வைத்தார்கள். முகம் அச்சு அசலாக மெல் கிப்சன்! உள்ளூர்க்காரர்கள் சிலருக்குக் கோபம் வந்து சிலையைச் சேதப்படுத்த, "சுதந்திரம்" என்று எழுதப்பட்ட அந்தச் சிலையைக் கூண்டு போட்டுப் பாதுகாக்க வேண்டியதாயிற்று. 2008-ல் எடுத்துவிட்டார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. போரை நடத்திய இருவரில் ஆண்ட்ரூ மோரே அதே ஆண்டில் இறந்துபோனார், அநேகமாக அந்தப் போரில் பட்ட காயத்தால். அவருக்கு இவ்வளவு பெரிய கோபுரமும் இல்லை, படமும் இல்லை. வாலஸுக்கு இரண்டும் கிடைத்தன. யாரை நினைவு வைத்துக்கொள்வது என்பதைப் பின்னால் வருகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். கோபுரம் காட்டுவது 1297-ஐ மட்டுமல்ல, 1869-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்களைப் பற்றி என்ன நினைத்துக்கொள்ள விரும்பினார்கள் என்பதையும்தான்.

இப்போது கோட்டைக்குள்

மதியம் பேருந்து பிடித்தோ நடந்தோ ஊருக்குள் திரும்பி, சாப்பிட்டுவிட்டு, மேட்டுத் தெருவில் ஏறினால் கோட்டை. இப்போது அந்த மதில்களின் மேல் நிற்பவருக்குக் கீழே தெரிவது வெறும் பச்சை நிலமாக இருக்காது. அதோ பாலம், அதோ காலையில் ஏறிய குன்று, அதோ சதுப்பு இருந்த இடம் என்று கண் தானாகவே தேடும். தெற்கே மூன்று கி.மீ. தள்ளி பானக்பர்ன். 1314 ஜூன் 23, 24 தேதிகளில் அங்கே நடந்த போருக்குக் காரணமே இந்தக் கோட்டைதான். கோடைக்காலத்தின் நடுநாளுக்குள் இங்கிலாந்துப் படை வந்து மீட்காவிட்டால் கோட்டையைக் கொடுத்துவிடுகிறேன் என்று ஆங்கிலேயரின் கோட்டைத் தளபதி ஒப்பந்தம் போட்டுக்கொள்ள, இரண்டாம் எட்வர்ட் படையோடு வந்தார், ராபர்ட் புரூஸிடம் தோற்றார். தப்பி ஓடி வந்த அரசரைக் கோட்டைக்குள் சேர்க்கத் தளபதி மறுத்துவிட்டார். வென்ற புரூஸ் செய்த முதல் காரியங்களில் ஒன்று கோட்டையின் மதில்களை இடித்தது. எதிரி மறுபடியும் வந்து உட்கார்ந்துகொள்ளக் கூடாது என்பதற்காக!

அதற்குப் பத்தாண்டுக்கு முன்னால், 1304-ல், முதலாம் எட்வர்ட் இதே கோட்டையை முற்றுகையிட்டபோது வார்வுல்ஃப் என்ற ராட்சதக் கல்லெறி பொறியைச் செய்ய வைத்தார். அது தயாராகும்போது உள்ளே இருந்தவர்கள் சரணடைய முன்வந்தார்கள். செய்த பொறியைச் சோதித்துப் பார்க்காமல் விடுவதா என்று, அதை வீசிப் பார்த்த பிறகுதான் சரணாகதியை ஏற்றுக்கொண்டார்.

இன்று கோட்டையில் நிற்கும் கட்டடங்கள் பெரும்பாலும் இதற்கெல்லாம் பிந்தையவை. ஸ்டூவர்ட் அரசர்களின் காலத்தவை. இங்கே போர்க்கதை முடிந்து குடும்பக்கதை தொடங்குகிறது. 1452-ல் இரண்டாம் ஜேம்ஸ், பாதுகாப்பு உறுதி கொடுத்து விருந்துக்கு அழைத்த டக்ளஸ் பிரபுவைத் தன் கையாலேயே குத்தினார். நான்காம் ஜேம்ஸ் காலத்தில், 1507-ல், ஜான் டேமியன் என்ற ரசவாதி பறவை இறகுகளால் சிறகு கட்டிக்கொண்டு கோட்டை மதிலிலிருந்து பிரான்ஸுக்குப் பறக்கப் போவதாகக் குதித்தாராம். விழுந்து தொடை எலும்பு முறிந்தது. தோற்றதற்கு அவர் சொன்ன காரணம்தான் அருமை. சிறகில் கோழி இறகு கலந்துவிட்டதாம், கோழிக்கு வானத்தைவிடக் குப்பைமேடுதானே பிடிக்கும்! 1543-ல் ஒன்பது மாதக் குழந்தையாக இருந்த மேரிக்கு இந்தக் கோட்டையில்தான் முடிசூட்டினார்கள். பிற்காலத்தில் இங்கிலாந்து அரசி எலிசபெத்தின் உத்தரவில் தலை வெட்டப்பட்ட அதே மேரி.

1503-ல் முடிந்த பெரிய மண்டபத்தின் வெளிச்சுவர் வெளிர் மஞ்சள் நிறத்தில் பளிச்சென்று தெரியும். சுற்றிலும் சாம்பல் நிறக் கற்கள், நடுவில் இது மட்டும் நேற்று வெள்ளையடித்த கல்யாண மண்டபம் போல! 1999-ல் மறுசீரமைப்பு முடிந்தபோது ஊரில் பலருக்கு இது பிடிக்கவில்லை. பழைய கட்டடம் என்றால் கறுத்துப்போய்த்தானே இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. ஆனால் சுவரில் கிடைத்த பழைய பூச்சின் தடயத்தை வைத்துத்தான் இந்த நிறத்தைப் பூசினார்கள். அரசர்கள் வாழ்ந்த காலத்தில் அது புதுக்கட்டடம், தூரத்திலிருந்தே மின்ன வேண்டும் என்பதற்காகக் கட்டியது. கறுத்த கல்தான் வரலாறு என்று நினைப்பது நம் காலத்து ரசனை. அந்த விஷயத்தில் பூசியவர்கள் பக்கமே நியாயம் இருக்கிறது.

அரண்மனைப் பகுதியிலும் இதே அணுகுமுறைதான். 2011-ல் புதுப்பித்துத் திறந்த அறைகளில் தொங்கும் ஒற்றைக்கொம்புக் குதிரை வேட்டைத் திரைச்சீலைகள் நியூயார்க்கில் இருக்கும் பழைய சீலைகளைப் பார்த்துக் கையால் நெய்தவை. ஏழு சீலைகளுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் ஆயின. "நகல்தானே" என்று தாண்டிப் போகாமல் கொஞ்ச நேரம் நிற்கலாம். ஓக் மரத்தில் செதுக்கிய வட்டமான முகச் சிற்பங்களுக்கு மட்டும் அசல்களே கோட்டையில் இருக்கின்றன. 1777-ல் கூரையிலிருந்து ஒன்று கழன்று ஒரு சிப்பாயின் மேல் விழுந்ததால் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள்.

அரண்மனையில் சிப்பாய் எங்கே வந்தார் என்று கேட்கலாம். 1603-ல் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்தின் முடியையும் பெற்று லண்டனுக்குப் போன பிறகு ஸ்டர்லிங்குக்கு அரசர்கள் வருவது அரிதாகிவிட்டது. மெதுமெதுவாகக் கோட்டை படைமுகாமானது. பெரிய மண்டபத்துக்குள் தளம் தளமாகத் தடுத்துச் சிப்பாய்களைத் தங்க வைத்தார்கள். 1964-ல்தான் ராணுவம் வெளியேறியது. ஆர்கைல் அண்ட் சதர்லண்ட் ஹைலண்டர்ஸ் படைப்பிரிவின் அருங்காட்சியகம் இப்போதும் கோட்டைக்குள் இருக்கிறது. நம்மவர்கள் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்படித் தாண்டக் கூடாது. 1857-ல் லக்னோவில் சிப்பாய்க் கிளர்ச்சியை அடக்கப் போன 93-ஆம் ஹைலண்டர்ஸ் இந்தப் படைப்பிரிவின் முன்னோடி. 1942 ஜனவரி 31 அன்று ஜப்பானியரிடமிருந்து பின்வாங்கி, மலேயாவிலிருந்து சிங்கப்பூருக்குப் பாலத்தைக் கடைசியாகக் கடந்ததும் இவர்கள்தான். ஒரு பாலத்தில் தொடங்கிய நாள் இன்னொரு பாலத்தில் வந்து நிற்கிறது.

இறங்கும் வழியில்

கோட்டையிலிருந்து இறங்கும்போது ஹோலி ரூட் தேவாலயம். 1567 ஜூலை 29 அன்று, தாய் மேரியைப் பதவி விலக வைத்த ஐந்தாம் நாள், பதின்மூன்று மாதக் குழந்தை ஆறாம் ஜேம்ஸுக்கு இங்கே முடிசூட்டினார்கள். மதப்பிரசங்கம் செய்தவர் ஜான் நாக்ஸ். கோபுரச் சுவரில் 1651 முற்றுகையின் குண்டுத் தழும்புகள் இன்னும் தெரிகின்றன. நேரம் மிச்சமிருந்தால் ஸ்மித் அருங்காட்சியகம், நுழைவு இலவசம். அரண்மனையின் உத்தரத்தில் சிக்கிக் கிடந்து கிடைத்த, சுமார் 1540-களைச் சேர்ந்த பந்து ஒன்று அங்கே இருக்கிறது. உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய கால்பந்து என்று சொல்கிறார்கள். பன்றியின் சிறுநீர்ப்பையை ஊதித் தோல் தைத்தது. யார் உதைத்து அது மேலே போய் மாட்டியதோ!

மறுப்புகளும் பதில்களும்

இந்தத் திட்டத்துக்கு மூன்று ஆட்சேபங்கள் வரலாம்.

முதலாவது, கூட்டம். எடின்பரோவிலிருந்து வரும் பேருந்துகள் முற்பகலில் வந்து சேரும், அதனால் திறந்தவுடன் கோட்டைக்குப் போவதுதான் புத்திசாலித்தனம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். நியாயமான பேச்சுதான். ஆனால் பின்மதியத்திலும் கூட்டம் குறைகிறது, மாலை வெளிச்சமும் மதில்களில் நன்றாக விழுகிறது. கடைசி நுழைவு எத்தனை மணிக்கு என்று மட்டும் முன்கூட்டியே பார்த்து, குறைந்தது மூன்று மணி நேரம் கையில் இருக்கும்படி போக வேண்டும்.

இரண்டாவது, மழை. ஸ்காட்லாந்தில் மழையை நம்பித் திட்டம் போட முடியாது, மழை இல்லை என்று நம்பியும் போட முடியாது. காலையில் கொட்டுகிறது என்றால் வரிசையை மாற்றிக்கொள்ளலாம். அபே க்ரெய்க் மேல் மேகம் உட்கார்ந்துவிட்டால் அங்கிருந்து எதுவும் தெரியாது. இந்த ஒரு காரணத்துக்காக மட்டும் கோட்டையை முதலில் பார்ப்பது மன்னிக்கத்தக்கது.

மூன்றாவது, குளிர்காலம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடும், கோட்டையும் கோபுரமும் சீக்கிரம் மூடிவிடும். அந்த மாதங்களில் இரண்டையும் ஒரே நாளில் உள்ளே போய்ப் பார்க்க முயல வேண்டாம். பாலத்தையும் கோபுர அடிவாரத்தையும் பார்த்துவிட்டுக் கோட்டைக்குப் போனால் போதும்.

செலவுக் கணக்கு

மாணவர்களுக்கு இதுதான் முக்கியமான பத்தி. எடின்பரோவிலிருந்து ரயிலில் சுமார் ஐம்பது நிமிடம், கிளாஸ்கோவிலிருந்து இன்னும் குறைவு. 2025 செப்டம்பரிலிருந்து ஸ்காட்ரெயிலில் காலை நெரிசல் நேரத்துக்கென்று தனிக் கட்டணம் கிடையாது, அதனால் சீக்கிரமே கிளம்பலாம். ஸ்காட்லாந்தில் வசிக்கும் 22 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு, அதற்கான அட்டை இருந்தால், பேருந்தே இலவசம். நிலையத்திலிருந்து கோபுரம் மூன்று கி.மீ., நடக்க முக்கால் மணி நேரம். ஸ்டர்லிங் பல்கலைக்கழகம் போகும் பேருந்துகள் அந்தப் பக்கமாகப் போகின்றன.

காசு கொடுக்க வேண்டியவை இரண்டே இரண்டு: கோபுரத்தின் உட்புறமும் கோட்டையும். கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் தயங்காமல் கோட்டைக்குக் கொடுக்கலாம், குன்றின் காட்சி இலவசம்தானே. கோட்டை டிக்கெட்டை இணையத்தில் முன்பதிவு செய்தால் வாசலில் வாங்குவதைவிட மலிவு. எடின்பரோ கோட்டையும் பார்க்கும் எண்ணம் இருந்தால் இரண்டும் சேர்ந்த எக்ஸ்ப்ளோரர் பாஸ் கணக்குப் பார்க்கத் தக்கது. கட்டுச்சாதம் கொண்டுபோனால் மதியச் செலவும் மிச்சம், ஆற்றங்கரையில் உட்கார்ந்து சாப்பிடலாம்.

ஒரே நாளில் மூன்று இடம் பார்த்தோம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு பெருமை இருக்கலாம். பணம் கொடுத்தது வசூலாக வேண்டும் என்ற எண்ணமும் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் தொலைதூரத்திலிருந்து, பெரும்பாலும் வாழ்க்கையில் ஒருமுறை மட்டும் அந்த ஊருக்குப் போகிறவர் எண்ணிக்கையைவிட அர்த்தத்தைத் தேடுவதே லாபம். லாக் லோமண்ட் எங்கும் ஓடிவிடாது, அதற்கு வேறொரு நாள் கொடுக்கலாம். ஸ்டர்லிங்கில் இறங்குகிறவர்கள் கோட்டை தலைக்கு மேலே கூப்பிட்டாலும் கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொல்லிவிட்டு, முதலில் ஆற்றுப் பக்கம் திரும்ப வேண்டும்.